எண்ணிய ஓட்டு

கோமதிநாயகத்தின் உடம்பில் அசைகிற பாகம் என்று மிச்சம் இருந்தவை இரண்டு இமைகள்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, கோர்ட்டுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மூளைத் தண்டில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள் டாக்டர்கள். உயிர் தப்பியது. அறிவில் குன்றிமணி அளவும் குறையவில்லை. உடம்பு மட்டும் ராஜினாமாக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

ஆனாலும் வடமலையூரில் அவரைவிட அதிகமாகப் பேசுகிற ஆள் கிடையாது. அதற்குக் காரணம் 'சொல்லி'.

நெற்றியைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டை, சக்கர நாற்காலியின் கைப்பிடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பேச்சுப் பெட்டி. அவ்வளவுதான் கருவி. கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தெருவே கூடிச் சொல்லி என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. மனசில் ஓடுகிற எல்லாவற்றையும் அது உளறிக் கொட்டிவிடாது. ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்து நின்று, சரி, சொல்லிவிடலாம் என்று உள்ளே ஒரு உத்தரவு பிறக்கிறதே, அந்த உத்தரவை மட்டும்தான் பிடிக்கும். பழைய வழக்குகளின் ஒலிப்பதிவிலிருந்து அவர் குரலையே எடுத்து அதில் ஏற்றியிருந்தாள் மனைவி செண்பகவல்லி. அதனால் மின்விசிறியைக் கொஞ்சம் குறை என்று அவர் கேட்டாலும், எதிர்த்தரப்புச் சாட்சியை மடக்குகிற கம்பீரத்தோடுதான் வரும்.

சொல்லியின் தயவால் அவருடைய பத்தியும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. 'பொருநைச் செய்தி' வார இதழில் தேர்தல் வழக்குகளைப் பற்றி அவர் எழுதுவது இருபது வருஷப் பழக்கம். மறு எண்ணிக்கை எப்போது கிடைக்கும், வேட்புமனு ஏன் தள்ளுபடி ஆனது, டெபாசிட் யாருக்குத் திரும்ப வரும் என்பதையெல்லாம் பங்காளிகளின் வரப்புத் தகராறு மாதிரி எளிமையாகச் சொல்வார். எந்த நீதிபதி தீர்ப்பின் எந்த வரியில் சறுக்கினார் என்பதையும் சொல்லாமல் விடமாட்டார். அந்தப் பகுதி நீதிபதிகளே வியாழக்கிழமை முதலில் புரட்டுகிற பக்கம் அது என்று ஒரு பேச்சு உண்டு.

இப்படிப்பட்டவரின் வீட்டிலேயே தேர்தல் வந்து உட்கார்ந்தது.

பதினோராவது வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும், செண்பகவல்லி சுயேச்சையாக நிற்கப் போவதாகச் சொன்னாள். பஜாரில் இ-சேவை மையம் நடத்துகிறவள். சாதிச் சான்றிதழ், பட்டா, பென்ஷன் என்று வார்டில் பாதிப் பேர் அவளிடம் வந்து போனவர்கள்தான். எதிரில் நின்றவர் எஸ்தர் டீச்சர், பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பெயருக்கு நின்றார்கள்.

இரண்டு பேருக்கும் நடுவே இருந்த ஒரே தகராறு நாரை ஓடை. வார்டின் பின்புறம் ஓடுகிற அந்த ஓடையில் தண்ணீரைவிடக் குப்பைதான் அதிகம். அதன்மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடி, மகளிர் குழுக்களுக்குக் கடைகள் கட்டித் தருவேன் என்றாள் செண்பகவல்லி. தூர் வாரித் திறந்தபடியே வைக்க வேண்டும் என்றார் எஸ்தர். கோமதிநாயகம் வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி ஆனார். நீர்வழியை மூடினால் எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளாது, பெருமழை வந்தால் கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்று தினமும் சாயங்காலம் வாதாடினார். முதலில் ஜெயித்துவருகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போவாள்.

வாக்குப்பதிவு நாளில் அவர் ஒரு பிடிவாதம் பிடித்தார். கையால் முடியாதவர்கள் ஒரு துணையை அழைத்துவந்து அவர் மூலம் முத்திரை குத்தலாம் என்று விதி உண்டு. படுத்ததிலிருந்து வந்த இரண்டு தேர்தல்களில் அவர் ஓட்டே போடவில்லை. இன்னொருத்தருக்குத் தெரிந்துவிட்ட ஓட்டு ரகசிய ஓட்டு ஆகாது என்பது அவர் கட்சி. இந்த முறை சொல்லியோடு இணைகிற ஒரு சின்ன முத்திரைப் பெட்டியைக் கம்பெனி அனுப்பியிருந்தது. வாக்குச்சீட்டை அதில் செருகினால், அவர் உள்ளே நினைப்பதற்கேற்ப முத்திரை விழும், சீட்டு மடிந்து வெளியே வரும். பெட்டியின் திரையில் வரும் சின்னங்களில் ஒன்றை நிறுத்தி, 'உறுதி' என்று மூன்று தடவை உத்தரவு கொடுக்க வேண்டும். அது அவருக்குப் போதும், துணைக்கு யாரும் வேண்டாம் என்றார்.

வாக்குச்சாவடி அதிகாரி நல்ல மனிதர். நாலைந்து பேருக்குப் போன் போட்டுப் பார்த்தார், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், நீங்கள் போடுங்கள், நான் தனி உறையில் சீல் வைத்துவிடுகிறேன், மேலே இருப்பவர்கள் முடிவு பண்ணட்டும் என்றார்.

மறைப்புக்குப் பின்னால் கோமதிநாயகம் தனியாக இருந்தார். நான்கு வருஷத்தில் அவர் முழுத் தனிமையில் இருந்தது அந்தச் சில நிமிஷங்கள்தான் என்று சொல்லலாம். திரையில் செண்பகவல்லியின் சின்னமான தையல் மிஷின் வந்தது. அப்புறம் எஸ்தரின் இறகுப்பந்து மட்டை வந்தது. மனைவி எப்படியும் நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிடுவாள், ஓடைக்காக ஒரே ஒரு ஓட்டு விழுந்தால் அவளுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தார். மட்டையில் நிறுத்தினார். உறுதி, உறுதி, உறுதி. சீட்டு மடிந்து விழுந்தது. மனசு வெகுநாளைக்குப் பிறகு லேசானது.

எண்ணிக்கை நாளில்தான் விதி சிரித்தது. செண்பகவல்லிக்கு எண்ணூற்றுப் பதினாலு. எஸ்தருக்கும் எண்ணூற்றுப் பதினாலு. நாற்காலியில் வந்திருந்த கோமதிநாயகத்தின் முன்னாலேயே, தனி உறையில் இருந்த ஒரு சீட்டை என்ன செய்வது என்று செண்பகவல்லி கேட்டபோது, எண்ணுகிற அதிகாரி அதைத் தள்ளுபடி என்று எழுதி ஓரமாக வைத்தார். பிறகு சமநிலைக்கு உள்ள விதிப்படி இரண்டு பெயரையும் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினார். எஸ்தர் பெயர் வந்தது.

செண்பகவல்லி நேரே கோமதிநாயகத்தின் பழைய ஜூனியர் பீர் முகம்மதுவிடம் போனாள். கணவரின் ஓட்டை எண்ண வேண்டும் என்று மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடச் சொன்னாள்.

கோமதிநாயகம் தடுக்கப் பார்த்தார். குலுக்கலில் தோற்றது அவமானமே இல்லை, வழக்கென்றால் அலைச்சல், விட்டுவிடு என்றார். இரண்டு தடவை நல்லவிதமாகச் சொன்னார், ஒரு தடவை கம்பீரமாகச் சொன்னார். அவள் கேட்கவில்லை. அவரைப் பார்க்க வந்த பீர் முகம்மது ஆச்சரியத்தோடு கேட்டார்.

"அண்ணாச்சி, உங்க ஓட்டை எண்ணினா மதினி ஜெயிக்கிறாங்க. இதைவிட லேசான கேஸ் என் ஆயுசுல வராது. நீங்க எதுக்கு இப்படித் தயங்குறீங்க?"

தயங்குகிற காரணம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கோமதிநாயகம் உத்தரவு கொடுக்கவில்லை.

விசாரணை நாளில் கோர்ட் நிரம்பிவிட்டது. மாவட்டத்தில் 'சொல்லி' கருவி வைத்திருப்பவர்களில் வரமுடிந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சுவரோரம் ஏழெட்டுச் சக்கர நாற்காலிகள். நீதிபதி சௌந்தரநாயகி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, மின்விசிறிகளை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

எஸ்தரின் வக்கீல் கெட்டிக்காரர். விதியில் இருப்பது முத்திரை என்கிற சொல், எண்ணம் என்கிற சொல் அல்ல என்று ஆரம்பித்தார். மனிதனின் மனசில் ஒரு நிமிஷத்துக்கு நூறு எண்ணம் ஓடும், கோபத்தில் ஒன்று, ஆசையில் ஒன்று, இதில் எதை ஓட்டு என்று எடுப்பது என்று கேட்டார். பீர் முகம்மது பதில் சொல்ல எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வாக்காளரையே கேட்கலாமே என்றார்.

"சொல்றேன், யுவர் ஆனர்," என்றது அந்தப் பழைய குரல். வக்கீல்கள் வரிசையில் இரண்டு பேர் தங்களையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "நூறு எண்ணம் எல்லாருக்கும்தான் ஓடுது. கை இருக்கிறவங்களுக்கு ஓடாதா? முத்திரையைக் கையில பிடிச்சிக்கிட்டு, கடைசி நொடி வரைக்கும் யோசிக்கிறவங்க எத்தனை பேர். அந்த நூறுல ஒண்ணை மட்டும் மனசு எடுத்து, இதுதான்னு அனுப்புது. அனுப்பினதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது கை. கை வெறும் தபால்காரர்தான். என் தபால்காரர் லீவுல போயிட்டாரு. அதுக்காக நான் எழுதின கடிதம் கடிதம் இல்லைன்னு ஆயிடுமா?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் தலையைக் குனிந்து ஏதோ எழுதுவது போலச் சிரிப்பை மறைத்தார். எண்ணம் முத்திரை ஆகுமா என்ற கேள்வியில் மனுதாரர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது என்று சொல்லவும் செய்தார். சுவரோரம் இருந்த பேச்சுப் பெட்டிகளிலிருந்து கலவையாக ஒரு சந்தோஷ ஒலி வந்தது.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் உட்காரவில்லை. கையில் பழுப்பேறிய ஒரு பத்திரிகை வைத்திருந்தார். பதினோரு வருஷத்துக்கு முந்திய 'பொருநைச் செய்தி'. கோமதிநாயகத்தின் பத்தியையே உரக்கப் படித்தார். வாக்கின் ரகசியம் வாக்காளரின் சொத்து. அதைத் திறந்து காட்டச் சொல்ல வீட்டாருக்கும் உரிமை இல்லை, கட்சிக்கும் இல்லை, நீதிமன்றத்துக்கும் இல்லை.

"இவரே எழுதியது. இப்போது இரண்டு பேரும் சமம். உறைக்குள் ஒரே ஒரு சீட்டு. அதை எண்ணினால் இவர் யாருக்குப் போட்டார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே, கனம் நீதிபதி அவர்களே, இவருடைய சொத்தை இவருக்காகவே காப்பாற்றுங்கள். உறையைத் திறக்காதீர்கள்."

தன் எழுத்து தனக்கு எதிராகவே வந்து நிற்பதைப் பார்த்து கோமதிநாயகத்துக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது. இன்னொரு பக்கம் நிம்மதி. இந்த வக்கீல் ஜெயித்துவிட்டால் உறை திறக்கப்படாது, வீட்டிலும் சண்டை வராது.

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். "சொத்து என்று சொல்கிறீர்கள். சொத்தை மற்றவர் பறிக்கக் கூடாது, சரி. சொந்தக்காரரே மனமுவந்து கொடுத்தால்?"

பிறகு நேராகக் கோமதிநாயகத்தைப் பார்த்துச் சொன்னார். ரகசியத்தை விட்டுக்கொடுக்க அவர் சம்மதித்தால் உறையைத் திறந்து எண்ணலாம், எண்ணத்தால் இட்ட முத்திரை ஓட்டா இல்லையா என்று தீர்ப்பும் எழுதலாம். சம்மதிக்காவிட்டால் உறை அப்படியே இருக்கும். திறக்காத உறைக்காகச் சட்டக் கேள்வியை முடிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை, மனு தள்ளுபடி ஆகும். வற்புறுத்தல் எதுவும் இல்லை, மதிய இடைவேளைக்குப் பிறகு பதில் சொன்னால் போதும்.

வேப்பமரத்து நிழலில் நாற்காலியை நிறுத்திவிட்டு, பீர் முகம்மது டீ குடிக்கப் போனார். சுவரோரம் இருந்த ஒரு பெண் தன் நாற்காலியை எண்ணத்தாலேயே ஓட்டிக்கொண்டு அருகில் வந்தாள். பெயர் மகிழினி என்றாள். பிறந்ததிலிருந்து தசை வேலை செய்யாது. இந்த வருஷம்தான் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். அவருடைய பத்தி ஒன்றையும் விட்டதில்லையாம்.

"அடுத்த வருஷம் எனக்கு முதல் ஓட்டு வருது சார்," என்றாள் அவளுடைய சொல்லி வழியாக. "எங்க அப்பா கட்சிக்காரர். அவரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனா அது அவர் ஓட்டுதான் சார், என் ஓட்டு இல்லை." வேறு எதுவும் கேட்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கோமதிநாயகம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையாத மனிதனுக்குத் தப்பி ஓடுகிற ஆசை வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. சம்மதித்தால், ஊர் முன்னால் மனைவியைத் தோற்கடித்த புருஷன் என்று பெயர். நான்கு வருஷமாகத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்க வைக்கிற கைகள் அவளுடையவை. சம்மதிக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஓட்டு இல்லை.

செண்பகவல்லி ஈரத்துணியோடு வந்து அவர் முகத்தைத் துடைத்தாள். முதலில் இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

"செம்பா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஓட்டு..."

"சொல்லாதீங்க."

"கேளு. உள்ள போறதுக்கு முன்னால நீ தெரிஞ்சிக்கணும்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம். ஜட்ஜம்மா உங்களைத்தான் கேட்டாங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை அங்க சொல்லுங்க." நெற்றிப்பட்டையை நேராக்கிவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

கோர்ட் மறுபடி கூடியது. கோமதிநாயகம் இமைகளை மூடித் திறந்தார்.

"சம்மதம், யுவர் ஆனர். என் சொத்து, நானே திறந்து தர்றேன்."

உறை வந்தது. சீலைக் காட்டினார்கள், உடைத்தார்கள். நீதிபதி சீட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கணம் புருவம் உயர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு தரப்பு வக்கீல்களையும் அழைத்துக் காட்டினார். பீர் முகம்மது சீட்டைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், திரும்பச் சீட்டைப் பார்த்தார். எஸ்தரின் வக்கீலுக்கோ, காலையெல்லாம் தொண்டை கிழிய எதிர்த்த ஓட்டு தன் கட்சிக்காரருக்கே விழுந்தது என்று தெரிந்ததும் என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை. முத்திரை இறகுப்பந்து மட்டையின்மேல் அழகாக விழுந்திருந்தது.

நீதிபதி அங்கேயே வாசித்த முடிவில் ஒரு வரி பிற்பாடு மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. வாக்காளர் எண்ணியதைத் தேர்தல் அதிகாரி எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணத்தால் இட்ட முத்திரை செல்லும். இனிமேல் அப்படிப்பட்ட சீட்டுகளைத் தனி உறையில் வைக்காமல் மற்றச் சீட்டுகளோடு பெட்டியிலேயே போட வேண்டும், அப்போதுதான் இன்னொருவர் இப்படி ரகசியத்தை விலையாகக் கொடுக்க நேராது. கடைசியில், எண்ணூற்றுப் பதினைந்து ஓட்டுப் பெற்று எஸ்தர் வெற்றி பெற்றதாக அறிவித்தார்.

எஸ்தர் எழுந்து என்ன செய்வதென்று புரியாமல் கோமதிநாயகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கோமதிநாயகம் செண்பகவல்லியைப் பார்க்க முயன்றார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றதால் முகம் தெரியவில்லை.

வேன் பஜாரைத் தாண்டியது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று அவர் பதறினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் முடியவில்லை.

"பீர் முகம்மது தம்பி மூஞ்சியைப் பார்த்தீங்களா? ஆயுசுல லேசான கேஸாம்."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே."

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவர் ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். மாசக்கணக்கில் காதைத் தின்ற மனுஷன் திடீரென்று அமைதியாகிவிட்டால், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டார் என்றுதானே அர்த்தம் என்றாள்.

"தெரிஞ்சும் எதுக்குக் கேஸ் போட்டே?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "எண்ணுற இடத்துல அந்த ஆபீசர் உங்க பக்கத்துலதான் நின்னார். உங்களைப் பார்க்காம என்னைப் பார்த்து, இதெல்லாம் ஓட்டாம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னார். தோத்தது எனக்கு வலிக்கலை. அதுதான் வலிச்சுது. என் புருஷன் யாருக்கு வேணாப் போடட்டும். போட்டது ஓட்டு இல்லைன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போகக் கூடாது."

கோமதிநாயகத்தின் கண்ணோரம் வழிந்ததை அவளே துடைத்தாள்.

அந்த வார 'பொருநைச் செய்தி' மூன்று பதிப்பு ஓடியது. தீர்ப்பு முடிவில் சரி என்றும், ஆனால் ரகசியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லித் திறந்த கோர்ட்டில் கேட்டது தவறு, நீதிபதி தன் அறையில் தனியாகக் கேட்டிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார் கோமதிநாயகம். சௌந்தரநாயகி அதைப் படித்துவிட்டு, அவர் சொல்வதும் சரிதான் என்று பார் அசோசியேஷன் கூட்டத்தில் ஒப்புக்கொண்டதாகக் கேள்வி.

ஆவணியில் ஓடையைத் தூர் வாரும் வேலை தொடங்கியது. அரசாங்க அலுவலகங்களுக்கு மனு எழுத ஆள் வேண்டுமென்று எஸ்தர் வந்து கேட்டதும், செண்பகவல்லி மறுபேச்சில்லாமல் சேர்ந்துகொண்டாள். தினமும் காலையில் இரண்டு பேரும் ஓடைக்கரைக்குப் போய்வந்தார்கள்.

அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு நாள், தலை வாரியபடியே அவள் சொன்னாள். "ஓட்டுப் பதிவுக்கு முந்தின வாரம் ஒரு மழை பெஞ்சுதுல்லா? அன்னைக்கு நான் கரைக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணி கீழத்தெரு வாசப்படி வரைக்கும் வந்துட்டுது. நீங்க சொன்னது சரிதான்னு அப்பவே பட்டுச்சு."

"பிறகு ஏன் மேடையில மாத்திச் சொல்லலை?"

"நோட்டீஸெல்லாம் அடிச்சாச்சே. கூட நின்ன பொம்பளைங்களுக்கு என்ன பதில் சொல்ல?"

கோமதிநாயகம் யோசித்தார். எண்ணூற்றுப் பதினாலும் எண்ணூற்றுப் பதினாலும் அவர் மனசில் வந்து எதிரெதிரே நின்றன.

"செம்பா," என்றார் மெதுவாக. "நீ அன்னைக்கு யாருக்கு ஓட்டுப் போட்டே?"

வாசலில் எஸ்தர் டீச்சரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. செண்பகவல்லி சீப்பை வைத்துவிட்டு, அவர் நெற்றியில் பட்டையைச் சரிசெய்தாள். "ஓட்டு ரகசியம்னு இத்தனை வருஷம் எழுதின மனுஷன் கேக்கிற கேள்வியா இது," என்று சொல்லிவிட்டு, புன்னகை மாறாமல் படியிறங்கிப் போனாள்.